உலை கொதிக்கும்வரை பக்கத்தில் நிற்பானேன்?

எங்கள் குடியிருப்பில் 200 வீடுகள். மாதம் பிறந்ததும் பராமரிப்புத் தொகை எவ்வளவு என்று வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். கல்லூரியில் படிக்கும் என் அக்கா பேரன், அமேசானின் லாம்டாவில் ஓடும்படி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். "எல்லாம் அசிங்க்தான் தாத்தா" என்றான் பெருமையாக. உள்ளேயிருந்து என் மனைவி, "என்னடா அசிங்கம்?" என்றாள்.

அசிங்க் என்றால், ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு, பதில் வரும்வரை சும்மா நிற்காமல் அடுத்ததைப் பார்ப்பது. சமையலறைக்கு இது புதிதல்ல. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு யாரும் கைகட்டி நிற்பதில்லை; அது வேகுமுன் காய் நறுக்கிவிடுவார்கள். 2012-இல் சி ஷார்ப், 2015-இல் பைத்தான், 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் என்று 'அசிங்க் அவெய்ட்' மொழிக்குள்ளேயே வந்துவிட்டதால் எழுதுவது சுலபமாகிவிட்டது. அந்தச் சுலபம்தான் வினை என்பது என் கட்சி.

பையன் எழுதியதைப் பார்த்தேன். ஃபார் லூப்புக்குள் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அவெய்ட். பெயர்தான் அசிங்க், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஓர் அழைப்புக்கு அரை விநாடி என்றால் 200-க்கு 100 விநாடி. லாம்டாவில் மீட்டர் ஓடுவது நேரத்துக்கு. 2020 டிசம்பர் முதல் மில்லி விநாடிக் கணக்கு. சும்மா காத்திருக்கும் நேரத்துக்கும் காசு. ஆட்டோவை வெயிட்டிங்கில் போட்டுவிட்டுக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி.

இதைச் சொன்னதும் 200-ஐயும் ஒரேயடியாக ஏவிவிட்டான். எதிர்முனை 429 என்று திருப்பி அனுப்பியது. 'இத்தனை பேர் ஒன்றாக வராதீர்கள்' என்று அர்த்தம். நடுவழிதான் சரி: எந்த நேரத்திலும் பத்து அழைப்புகள் மட்டும் ஓட்டத்தில் இருக்கட்டும். அப்போது 10 விநாடியில் முடியும். மறுக்கப்பட்டதை உடனே மறுபடி தட்டாமல், ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

வேகம் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் நான் சண்டை போட்டது வேறு விஷயத்துக்கு. போன வருடம் செல்போனில் ஒரு பில் கட்டினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். பென்ஷன் பணத்தில் இரண்டு தடவை கழிந்தது. முதல் தடவையே பணம் போய்ச் சேர்ந்திருந்தது. பதில்தான் வந்து சேரவில்லை. திரும்பக் கிடைக்க ஒன்பது நாள் அலைந்தேன்.

பதில் வராததும் வேலை நடக்காததும் ஒன்றல்ல. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே தர வேண்டும். வேலையைத் திரும்பச் செய்யக் கூடாது. லாம்டாவை அசிங்க்காக அழைத்தால், பிழை வரும்போது நாம் கேட்காமலே அது இன்னும் இரண்டு முறை முயலும். எண் இல்லாவிட்டால் ஒரே செய்தி இரண்டு, மூன்று முறை போகலாம். செய்தி என்றால் எரிச்சலோடு போயிற்று. பணம் என்றால்?

பிள்ளைகளுக்கு வேகத்தை முதலிலும் இதைக் கடைசியிலும் சொல்லித் தருகிறார்கள். வரிசையை மாற்ற வேண்டும் என்பேன். பையன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டு எண்ணையும் மாதத்தையும் சேர்த்து அடையாளம் போட்டான். இந்த மாதம் எந்த வீட்டுக்கும் இரண்டு செய்தி போகவில்லை.