மாடிக்கு அனுமதி உண்டு, கூரைத் தூசிக்கு?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: "கட்டிய வீட்டோடு வாடகைக்கு ஒரு வீட்டையும் கட்டிப் பார்!"

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஒரு காலத்தில் ஏரிகளும் நெல் வயல்களுமே கண்ணுக்குத் தெரிந்தன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்த் தொழிற்சாலை எழுந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்துக்குக் கைப்பேசி செய்யும் ஆலை வந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் ஆண்களும் பெண்களும் வேலை தேடி வந்தார்கள். வந்தவர்கள் தலை சாய்க்க இடம் வேண்டாமா?

இடம் எவ்வளவு பெரிய பிரச்னை என்பதை நாடே அறிந்தது 2021 டிசம்பரில்தான். விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர் பலர் நோயுற, அவர்களுடைய தோழிகள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அதில் இடம் பெறாதவர்களுக்கு ஊருக்குள் வாடகை அறைதான் கதி.

எனவே சொந்த மனை உள்ளவர்கள் கொல்லையில் இரண்டு அறை போடுகிறார்கள். அல்லது பழைய ஷீட் கூரையை எடுத்துவிட்டுத் தளம் ஒட்டி மாடி எழுப்புகிறார்கள். இதில் குற்றம் ஒன்றுமில்லை. நிலத்தை ஆலைக்கு விட்ட குடும்பத்துக்கு வாடகைதான் இன்றைய விளைச்சல்.

அனுமதி எளிதாகிவிட்டது

இருக்கிற வீட்டோடு புதிதாக ஒரு பகுதியைச் சேர்ப்பதானாலும் அனுமதி வாங்க வேண்டும். இதற்கான விதிகள் 2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. 2024 ஜூலையில் சுயசான்று முறையும் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்ற வரம்புக்குள் வரும் குடியிருப்புக்கு, உரிமையாளரே உறுதி அளித்து ஆன்லைனில் உடனே அனுமதி பெறலாம். பஞ்சாயத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் செருப்புத் தேய நடந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பெண்களைச் சேர்த்து விடுதியாக நடத்துவதானால் சங்கதி வேறு. 2014-ம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். "வீட்டில்தானே நாலு பெண்கள் தங்குகிறார்கள்" என்று அலட்சியமாக இருந்தால் பிறகு சங்கடம்தான்.

மனையின் அளவு, பக்கத்து இடைவெளி, உயரம், சாலை அகலம் இவையெல்லாம் கணக்கில் வந்துவிட்டன. ஆனால் மாடி எழும்புமுன் கீழே இறங்குகிற பழைய கூரை? அது யார் கணக்கில் வருகிறது?

கல்லில் ஒளிந்த நார்

ஊரில் "சிமெண்ட் ஷீட்" என்று சொல்லுகிற கூரைத் தகட்டில் பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது. தகடு முழுசாக இருக்கும் வரை நார் சிமெண்டுக்குள் அடங்கிக் கிடக்கும். ஆகவே அத்தகைய கூரையின்கீழ் வசிப்பவர்கள் இன்றே பதறி ஓட வேண்டியதில்லை. ஆபத்து, அதை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும் பிறக்கிறது. அப்போது கிளம்பும் இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் வெளியே வருவது அரிது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாகத் தலைகாட்டும். எல்லா வகைக் கல்நாருமே புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு.

நம் ஊரில் கூரை பிரிப்பது எப்படி? சம்மட்டியால் ஒரு போடு! தகடு நொறுங்கி விழும். சித்தாள் பெண் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிக் கூடையில் அள்ளுவாள். முகத்தில் சுற்றிய துணி இந்த இழையைத் தடுக்காது. அள்ளிய குப்பை ஏரிக்கரையிலோ சாலையோரப் பள்ளத்திலோ கொட்டப்படும். அங்கேதான் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

ஆலைக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதியா?

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆலையில் அபாயக் கழிவு உண்டானால், 2016-ம் ஆண்டு விதிப்படி அதைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு காக்க வேண்டும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் அதே நாரை உடைக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன பதிவேடு இருக்கிறது? நுரையீரலுக்கு மதில் தெரியுமா?

கல்நாரை அடியோடு தடை செய்வதும் சுலபமாக இல்லை. இலங்கை 2018 முதல் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர முனைந்தது. 2017 டிசம்பரில், தேயிலையில் வண்டு இருந்தது என்று காரணம் கூறி இலங்கைத் தேயிலையை ரஷ்யா நிறுத்தி வைத்தது. கல்நார் விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். இலங்கை தன் முடிவைத் தள்ளிப்போட்டது. தடை வரும்போது வரட்டும். ஏற்கெனவே நம் தலைக்கு மேல் இருக்கும் தகடு அதற்காகக் காத்திருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

வீட்டுக்காரர் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. தகட்டை நன்றாக நனைக்க வேண்டும். ஆணியையும் போல்ட்டையும் கழற்றி முழுத் தகடாகவே இறக்க வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது. சிதறியதை ஈரத் துணியால் துடைத்து, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்ட வேண்டும். வேலை முடியும் வரை குழந்தைகளும் குடியிருப்போரும் அந்தப் பக்கம் வரலாகாது. வேலையாட்களுக்கு இழையைத் தடுக்கும் தரமான முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரர் கடமை.

கட்டிவைத்ததை எங்கே கொடுப்பது? இங்கேதான் சர்க்கார் முன்வர வேண்டும். அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் "பழைய கல்நார்க் கூரை உண்டா?" என்ற கேள்வி முன்னால் நிற்கட்டும். "உண்டு" என்பவருக்கு, இறக்கும் முறையைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். மாதம் ஒரு நாள் ஒன்றியத்து வண்டி வந்து தகட்டை வாங்கிப் போகட்டும். ஆலைகளின் அபாயக் கழிவைப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கும்போது, வீட்டுக் கூரைக்கு ஒரு வழி செய்ய முடியாதா?

"ஏழை வீட்டுக்காரர் தலையில் இன்னும் ஒரு விதியா?" என்று சிலர் கேட்கலாம். அபராதம் போடுகிற விதி அல்ல வேண்டியது, கைகொடுக்கிற விதி. சுயசான்று என்றால் அரசு வீட்டுக்காரரை நம்புகிறது என்று பொருள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக, அவரும் தன் கூரையைப் பிரிக்க வருகிறவர்களின் மூச்சைக் காப்பாற்ற வேண்டும். வாடகை மாதா மாதம் வரும். போன நுரையீரல் திரும்பி வராது.