ஒளிரும் எண்ணும் முத்திரைக் கல்லும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

"மெஷின் பொய் சொல்லுமா?" போடியிலும் சிலமலையிலும் எடை போடுகிற இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் வியாபாரி, தலையாட்டுபவர் விவசாயி. சிவப்பு எண்கள் ஒளிர்ந்துவிட்டால் வழக்கு முடிந்தது! கோல் தராசின் முள் சற்றே சாய்ந்தாலும் குரல் கொடுத்த மக்கள், மின்னணுத் தராசின் முன்னே கைகட்டி நிற்கிறார்கள். இந்த மௌனம் நல்லதன்று என்பதே என் கருத்து. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உண்மைதான். ஆனால் அது தவறலாம். தவறும்படி செய்யவும் படலாம். இவ்விரண்டையும் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. அதை ஊருக்குச் சொல்லவேண்டியவர்கள் படிக்கின்ற நாம்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். கோல் தராசு ஒரு பொருளின் நிறையை இன்னொரு பொருளின் நிறையோடு நேருக்கு நேர் ஒப்பிடுகிறது. மின்னணுத் தராசு அவ்வாறு ஒப்பிடுவதில்லை. அதன் தட்டுக்கு அடியில் 'லோடு செல்' என்னும் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய உலோக இழைகளின் மின்தடை மாறுகிறது. நம் ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் அதே வீட்ஸ்டன் சுற்றுதான் அந்த மாற்றத்தை மின்னழுத்தமாக்குகிறது. பின்னர் அது எண்ணாகிறது. இவ்வளவு மின்னழுத்தத்துக்கு இத்தனை கிலோ என்பது, எடைக்கல்லை வைத்து ஒருவர் அதற்குக் கற்றுக்கொடுத்த பாடம். பாடம் பிழையானால் விடையும் பிழைதானே?

பாரீசுக்கு அருகில் செவ்ர் என்னுமிடத்தில் இருக்கும் பிளாட்டினம்-இரிடியக் கட்டிதான் 1889 முதல் உலகத்தின் கிலோகிராமாக இருந்தது. அந்தக் கட்டியையும் நம்பாமல், 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்திருக்கிறார்கள் அறிவியலார். புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் தொடங்கி, மாநிலங்களின் ஆய்வுக்கூடங்கள் வழியாக, முத்திரை ஆய்வாளர் கையிலுள்ள எடைக்கல் வரை ஒரு சங்கிலி இருக்கிறது. நம் ஊர்க் களத்து மேடையில் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுந்துபோனால், மேலே உள்ள அத்தனை நுட்பமும் யாருக்குப் பயன்?

இது வெறும் பாடப்புத்தகக் கவலையன்று. 50 கிலோ ஏலக்காய் மூட்டையில் நூற்றுக்கு ஒன்று தவறினால் அரைக் கிலோ போய்விடும். கிலோ ஆயிரம் ரூபாய் என்றாலும் ஐந்நூறு ரூபாய் நட்டம். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே, அந்த விலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு! விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு கடந்து தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் ஒரு நாள் உழைப்பு, ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடும். சட்டம் இடம் தரும் பிழையோ மிகச் சிறிது. 10 கிராம் பிரிவுள்ள மூன்றாம் வகுப்புத் தராசில் 50 கிலோ வைத்தால், முத்திரையிடும் நேரத்தில் 15 கிராமுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது.

"மலைமேல் எடை குறையத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. இதில் அறிவியல் உண்மை இருக்கிறது, அளவுதான் பொய். அடிவாரத்தில் திருத்தியமைத்த தராசை ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோனால், புவியீர்ப்பு குறைவதால் 50 கிலோ மூட்டைக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் வரை குறைவாகக் காட்டும். அவ்வளவே! அரைக் கிலோ குறைந்தால் பழியை மலைமீது போடுவது நியாயமாகுமா?

நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எடை மாறும்போதெல்லாம் தராசு குற்றவாளி அன்று. நூறு கிலோ காய்ந்த ஏலக்காயில் ஈரம் பத்து சதவீதத்திலிருந்து எட்டாக இறங்கினால், இரண்டு கிலோவுக்கு மேல் தானாகவே குறைந்துவிடும். பன்னிரண்டாக ஏறினால் அதே அளவு கூடிவிடும். மழைக்காலத்தில் திறந்து வைத்த மூட்டையை இன்றும் நாளையும் நிறுத்துவிட்டு வியாபாரியைத் திருடன் என்பது அறிவுடைமை ஆகாது.

அப்படியானால் தராசைச் சோதிப்பது எப்படி? பட்டம் தேவையில்லை, ஐந்து காரியங்கள் போதும்.

ஒன்று, தட்டு வெறுமையாக இருக்கும்போது பூச்சியம் காட்ட வேண்டும். மூட்டையை இறக்கியதும் மீண்டும் பூச்சியத்துக்கே வர வேண்டும். இரண்டு, தராசு மட்டமாக நிற்க வேண்டும். குமிழ் வட்டத்தின் நடுவில் இல்லையென்றால் கால் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யலாம். மூன்று, ஒரே கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எண் மாறினால் உள்ளே கோளாறு. நான்கு, மூட்டை தட்டின்மேல் இருக்கும்போதே முத்திரையிட்ட ஒரு கிலோ கல்லை அதன்மேல் வைக்க வேண்டும். எண் சரியாக ஒரு கிலோ உயர வேண்டும். நூற்றுக்கு இரண்டு குறைத்துக் காட்டும் தராசு இங்கே இருபது கிராமில் அகப்பட்டுக்கொள்ளும். ஐந்து, சாக்கின் எடை ஒரு முறைதான் கழிக்கப்பட வேண்டும். பொத்தானை அமுக்கி ஒரு முறை, நோட்டில் எழுதி மறுமுறை எனக் கழிப்பது கணக்கன்று, களவு!

பழுதுகள் பெரும்பாலும் சாதாரணமானவை. பேட்டரி இறங்கியிருக்கும், தட்டுக்கு அடியில் கல்லோ குப்பையோ சிக்கியிருக்கும், மூட்டை சுவரில் சாய்ந்திருக்கும், மழை ஈரம் இணைப்புக்குள் புகுந்து எண் நிலைகொள்ளாமல் அலையும். இவற்றைத் துடைத்தும் உலர்த்தியும் சரிசெய்யலாம். ஆனால் மூட்டையைத் 'தொப்'பென்று போட்டுப் போட்டு நிரந்தரமாக வளைந்துவிட்ட லோடு செல்லை மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பின் மறுமுத்திரை பெறவும் வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன் விதிகளும் மின்னணுத் தராசை ஆண்டுக்கொரு முறை சோதித்து முத்திரையிடச் சொல்கின்றன. நம் மாநிலத்தில் அப்பணி தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கொரு முத்திரை ஒரு நாளின் சாட்சி. மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களுக்கு யார் சாட்சி? ஆகவே, எடை போடும் இடம் ஒவ்வொன்றிலும் முத்திரையிட்ட கல் ஒன்று எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்; விற்பவர் கேட்டால் முகம் சுளிக்காமல் தட்டில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. இதனால் நேர்மையான வியாபாரிக்கும் நன்மையே. பழுதான தராசு எப்போதும் அவர் பக்கமே சாயும் என்பதற்கு உத்தரவாதம் இல்லையே!

நம் கல்லூரிக்கும் இதில் வேலை உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். அடுத்த முகாமில் முத்திரையிட்ட கற்கள் சிலவற்றோடு சென்று, உரிமையாளரின் இசைவு பெற்று, இந்த ஐந்து சோதனைகளையும் ஊரார் முன் செய்து காட்டினால் என்ன? குற்றம் பிடிக்க அன்று, கற்றுக்கொடுக்க. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் மாணவர்கள் கல் சுமக்கத் தயார்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். தராசு மாறிவிட்டது, அறம் மாறவில்லை. ஒளிரும் எண்ணை வணங்குவதை விடுத்து, அதைக் கேள்வி கேட்கும் துணிவை நம் மக்களுக்கு வளர்ப்போமாக!