சட்டம் நம்முடையது, சட்டைப் பையில் சிகரெட் எதற்கு?



2002-ல் 'பாபா' படத்தில் ரஜினி சிகரெட் பிடிக்கும் காட்சிகளை மருத்துவர் அய்யா எதிர்த்தப்போ நம்மை எவ்வளவு கிண்டல் பண்ணாங்க! 2008 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்கப் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தது. கொண்டு வந்தவர் அப்போதைய மத்திய சுகாதாரத்துறை அமைச்சர், நம்ம சின்னய்யா. பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் போடும் விதியும் அவர் அமைச்சராக இருந்தபோது அறிவித்ததுதான். 2009 மே 31-ல் நடைமுறைக்கு வந்தது.

இதை மேடையில் பெருமையாப் பேசுறோம். கூட்டம் முடிஞ்சதும் டீக்கடை ஓரத்தில் என்ன நடக்குது? தோளில் கட்சித் துண்டு, விரலில் சிகரெட். எதிர்க்கட்சிக்காரன் சிரிக்கிறது இருக்கட்டும். நம்ம நெஞ்சு என்ன ஆகும்?

'கேன்சர் வயசான பிறகுதானே வரும்'னு ஒரு தைரியம். இதயம் அவ்வளவு நாள் காத்திருக்காது. ஒரு தம் இழுத்ததும் நிகோடின் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏத்துது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடிச்சுக்குது. அதாவது இதயத்துக்கு வேலை கூடுது, ஆக்சிஜன் குறையுது. வருஷக்கணக்கில் இது நடந்தா ரத்தக்குழாய் உள்ளே கொழுப்பு படிஞ்சு சுருங்கும். அங்கே ரத்தம் உறைஞ்சா மாரடைப்பு. நுரையீரலில் சளியை வெளியே தள்ளுற நுண்ணிய முடிகளும் செயலிழந்து போகும். தினமும் காலையில் வர்ற இருமல் அதனாலதான்.

நம்ம முருகன் மலைக்கு 365 படி. ஏறும்போது நெஞ்சு இறுக்கி, நின்னதும் சரியாகுதா? 'வயசாயிடுச்சு'ன்னு விடாதீங்க. குழாய் சுருங்கினதன் அறிகுறியா இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்க.

'ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்'னு சொல்ற அண்ணன்களுக்கு: 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுற இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, ஒண்ணு பிடிப்பவருக்கும் கூடுது. 'பீடிதானே'ங்கிறதும் ஏமாத்து வேலை. பீடி இன்னும் மோசம்.

நெஞ்சு வலி வந்து வியர்த்துக் கொட்டுது, இடது கையிலோ தாடையிலோ வலி பரவுதுன்னா 'கேஸ்'னு சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க. 108-க்கு அடிங்க. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் கட்ட மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புற 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் இருக்கு. கொண்டு வந்தது நம்ம ஆட்சி இல்லதான். உயிர் விஷயத்தில் நல்லதை நல்லதுன்னு சொல்லணும்.

விட்டவங்களுக்குப் பலன் சீக்கிரமே தெரியும். ஒரு நாளில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இறங்கிடும். ஒரு வருஷத்தில் புகையால் கூடின மாரடைப்பு ஆபத்து பாதியாகும். தனியா முடியலையா? பாக்கெட்டிலேயே அச்சடிச்சிருக்கிற 1800-11-2356-க்குப் பேசுங்க, இலவசம்.

திருத்தணி சொந்தங்களுக்கு ரெண்டு வேண்டுகோள். இனி நம்ம கிளைக் கூட்டம், கொடியேற்றம் எதிலும் புகை கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்பது சட்டப்படி குற்றம். அப்படி விற்கிற கடையைப் பார்த்தா சண்டை வேண்டாம், எழுத்தில் புகார் கொடுங்க.

அய்யாவும் சின்னய்யாவும் போராடினது நம்ம உயிருக்காக. அந்தச் சட்டத்தை முதல்ல நாம கடைப்பிடிப்போம்!

#புகையில்லா_திருத்தணி