மேலவையைக் கலைத்தால் ரூ.60 கோடி மிச்சமா? ஆந்திரா போட்ட கணக்கும், தமிழ்நாடு போட வேண்டிய கணக்கும்!

2020 ஜனவரி 27. ஆந்திர சட்டப்பேரவையில் ஒரு தீர்மானம் வருகிறது. மாநிலத்தின் சட்ட மேலவையையே கலைத்துவிடலாம் என்பதுதான் அது. ஆதரவாக 133 பேர், எதிராக ஒருவர்கூட இல்லை. தெலுங்கு தேசம் அவைக்கே வரவில்லை.

அப்போதைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி சொன்ன காரணங்களில் மக்கள் மனதில் சட்டென்று பதிந்தது பணம்தான். ஆண்டுக்கு 60 கோடி ரூபாயை இந்த அவைக்குக் கொட்ட வேண்டுமா, அதுவும் நிதி நெருக்கடியில் இருக்கும் ஒரு மாநிலம்? கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 22 மாதம் கழித்து, 2021 நவம்பர் 23 அன்று, அதே அரசு அதே அவையில் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது. அப்போ அந்த 60 கோடி என்ன ஆச்சு?

100 ரூபாய்க்கு எவ்வளவு?

முதலில் சின்னதா ஒரு கணக்கு. ஆந்திராவின் 2019-20 பட்ஜெட் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரத்து 975 கோடி ரூபாய். அதில் 60 கோடி என்பது, அரசு செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 2.6 பைசா. ஆமாம், பைசாதான்.

60 கோடி சின்னத் தொகை இல்லை; எத்தனையோ பள்ளிகளுக்குக் கட்டடம் கட்டலாம். ஆனால் மாநிலத்தின் கடன் சுமையையோ வருவாய்ப் பற்றாக்குறையையோ அது அசைக்காது.

அந்த 60 கோடியும் மறுநாளே மிச்சமாகிவிடாது. மேலவையைக் கலைத்தால் 58 உறுப்பினர்களின் சம்பளம், படி, பயணச் செலவு நிற்கும். ஆனால் செயலகத்தில் வேலை பார்க்கும் நிரந்தர ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது, வேறு துறைக்கு மாற்றத்தான் முடியும். அவர்களுடைய சம்பளம் வேறு கணக்குத் தலைப்பில் தொடரும். முன்னாள் உறுப்பினர் ஓய்வூதியமும் அப்படித்தான். அவை போனாலும் முன்னாள்கள் முன்னாள்கள்தான்.

அமைச்சர்கள் எண்ணிக்கை? அதுவும் குறையாது. பலர் கவனிக்காத இடம் இது. 2003-ல் வந்த 91-வது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஒரு மாநிலத்தில் முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள், சட்டப்பேரவை உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்கில் வருவது பேரவை மட்டும்தான், மேலவை இல்லை. ஆந்திரப் பேரவையில் 175 இடங்கள், ஆகவே 26 அமைச்சர்கள். மேலவை இருந்தாலும் அதே 26, இல்லாவிட்டாலும் அதே 26. கார், பங்களா, பாதுகாப்பு, தனி அலுவலகம் என்று செலவு ஏறும் இடத்தில் ஒரு மாற்றமும் வராது.

பட்ஜெட்டை மேலவை தடுக்க முடியுமா?

முடியாது. தள்ளிப்போடத்தான் முடியும், அதுவும் 14 நாள். நிதி மசோதா மேலவைக்குப் போய் 14 நாளில் திரும்பி வராவிட்டால், இரண்டு அவையிலும் நிறைவேறியதாகவே கருதப்படும். இது அரசியல் சட்டத்தின் 198-வது பிரிவு.

அந்த 14 நாளின் மதிப்பு என்ன என்பதையும் ஆந்திராவே பார்த்தது. 2020 ஜூனில் மேலவை, நிதி ஒதுக்க மசோதாவை நிறைவேற்றாமலேயே தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. கெடு முடியும்வரை கஜானாவிலிருந்து பணம் எடுக்க முடியாமல், அரசு ஊழியர்களின் சம்பளம் அந்த முறை தள்ளிப்போனது. மாதத் தவணை கட்ட வேண்டியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

சாதாரண மசோதா என்றால் கதை வேறு. அதை மேலவை முதல் தடவை மூன்று மாதம், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னொரு மாதம் என்று இழுத்துப் பிடிக்கலாம். ஜெகனின் கோபம் ஆரம்பித்த இடமே அதுதான். 2020 ஜனவரி 22 அன்று, மூன்று தலைநகர மசோதாவையும் அமராவதி மண்டல வளர்ச்சி ஆணையத்தைக் கலைக்கும் மசோதாவையும் மேலவைத் தலைவர் ஷரீப், தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார். 58 பேர் கொண்ட அந்த அவையில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு அப்போது 9 பேர்தான். அடுத்த ஐந்தாவது நாள், கலைப்புத் தீர்மானம்.

இப்போது பணத்தைப் பற்றி மறுபடி யோசித்துப் பாருங்கள். அமராவதிக்காக விவசாயிகள் கொடுத்த நிலம் 33 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அவர்களுக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய தொகை, பாதியில் நின்ற கட்டடங்கள், புதிதாக இரண்டு ஊர்களில் அலுவலகம் அமைக்கும் செலவு எல்லாம் அந்த மசோதாக்களோடு ஒட்டியிருந்தன. இந்த முடிவுக்கு நான்கு மாதம் கூடுதலாக யோசிக்க வைப்பது நல்லதா, வீண் முட்டுக்கட்டையா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் மேலவையின் 'செலவு' பற்றிப் பேசும்போது, அது தாமதப்படுத்திய முடிவுகளின் செலவையும் பக்கத்தில் வைக்காமல் பேசினால் அது அரைக் கணக்குதான்.

தீர்மானத்தைத் திரும்பப் பெறும்போது அரசு சொன்ன காரணம், மத்திய அரசு முடிவெடுக்காததால் குழப்பம் நீடிக்கிறது என்பது. அவையைக் கலைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்பதால் அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதற்குள் மேலவையில் பெரும்பான்மையை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பிடித்துவிட்டது என்பதும் உண்மை. 60 கோடியைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசவில்லை. (என்.டி.ராமாராவ் 1985-ல் ஒழித்த அதே மேலவையை 2007-ல் மீண்டும் கொண்டுவந்தவர் ஜெகனின் அப்பா ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி!)

ஆள் குறைந்தால் செலவு குறையும் என்பது சரியா?

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பிரபலமான வாதம் உண்டு. 1981-ல் வைங்காஸ்ட், ஷெப்ஸ்லி, ஜான்சன் என்ற மூன்று பேர் சொன்னது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிக்குப் பாலம் கேட்பார், பலன் முழுக்க அவருக்கு. செலவோ மாநிலம் முழுக்கப் பகிரப்படும். எனவே உறுப்பினர்கள் கூடக்கூட 'எனக்கும் ஒண்ணு' என்ற கோரிக்கையும் கூடும். மொய் பொதுவில் போகும், பந்தியில் அவரவர் இலைக்கு அவரவர் கேட்டு வாங்குவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்த கில்லிகன், மட்சுசாகா இருவரும் 1995-ல் இதற்குச் சாதகமான முடிவையே வெளியிட்டார்கள். ஆனால் ஸ்வீடன், பின்லாந்து உள்ளாட்சி மன்றங்களைப் பார்த்த பெட்டர்சன்-லிட்பம் 2012-ல் கண்டது நேர் எதிர்: மன்றம் பெரிதானபோது செலவு குறைந்திருந்தது. கேள்வி கேட்க ஆள் அதிகம் இருந்தால் அதிகாரிகள் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது என்பது அதற்கு ஒரு விளக்கம்.

மேலவையை விடுங்கள், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவையையே சுருக்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் அதைச் செய்திருக்கிறது. 1978 கடைசியில் அங்கே உறுப்பினர்கள் தங்கள் ஆண்டுச் சம்பளத்தை 20 ஆயிரம் டாலரிலிருந்து 28 ஆயிரமாக உயர்த்திக்கொண்டார்கள். கொதித்துப்போன மக்கள் 1980 நவம்பரில் வாக்களித்து, 177 பேர் இருந்த அவையை 118 ஆக வெட்டினார்கள். மூன்றில் ஒரு பங்கு அவுட்! கூடவே இன்னொன்றும் போனது. பழைய முறையில் தொகுதிக்கு மூன்று உறுப்பினர், அதில் பெரும்பாலும் ஒருவர் சிறுபான்மைக் கட்சிக்காரர். புதிய முறையில் தொகுதிக்கு ஒருவர்தான். 1983-ல் சபாநாயகரான மைக்கேல் மேடிகன், நடுவில் இரண்டு ஆண்டு தவிர, 2021 வரை அந்த நாற்காலியை விடவில்லை. ஆட்கள் குறைந்ததால் அதிகாரம் கட்சித் தலைமையிடம் குவிந்தது என்ற விமர்சனம் அங்கே இன்றும் இருக்கிறது. அதே காலத்தில் ஓய்வூதியக் கடனில் மூழ்கிய மாநிலங்களுக்கு உதாரணமாகவும் இல்லினாய் மாறியது. இது அதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவையைச் சுருக்கியது அதைத் தடுக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

நம்ம ஊரில் மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவின் நியமனம் சர்ச்சையானதைத் தொடர்ந்து கலைக்கப்பட்டது. அப்போது 63 உறுப்பினர்கள். 1989, 1996, 2010 என்று தி.மு.க. மூன்று முறை மீட்கத் தீர்மானம் போட, 1991, 2001, 2011-ல் அ.தி.மு.க. அதை ரத்து செய்தது. 2021 தேர்தல் அறிக்கையிலும் தி.மு.க. மேலவையைக் கொண்டுவருவோம் என்று சொன்னது. ஆகவே இந்தப் பேச்சு எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும்.

வந்தால் நாம் எந்த வரியைப் பார்க்க வேண்டும்? 2010 திட்டப்படி உறுப்பினர்கள் 78 பேர். 2017-ல் எம்.எல்.ஏ.க்களுக்கு நிர்ணயித்த மாதம் 1,05,000 ரூபாயையே இவர்களுக்கும் கொடுப்பதாக வைத்தால், ஆண்டுக்கு 10 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. விவாதம் எல்லாம் இந்தச் சம்பளத்தைச் சுற்றித்தான் நடக்கும்.

ஆனால் கர்நாடகா, மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசத்தில் எம்.எல்.சி.க்களுக்கும் உள்ளூர் மேம்பாட்டு நிதி உண்டு. இங்கே ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதையே 78 பேருக்கும் நீட்டித்தால் 234 கோடி ரூபாய், சம்பளத்தைப் போல சுமார் 24 மடங்கு. மேலவை மசோதா வரும் நாளில் அந்த நிதி உண்டா இல்லையா என்பது அதில் இருக்காது. பின்னால் தனி அரசாணையாக வரும்.