பட்டியல் பார்க்காத உப்பு

போன மாதம் எங்க பி.ஜி.எஸ். குழுக் கூட்டத்துல ஒரு சின்ன வாக்குவாதம். தோட்டத்து விவரப் படிவத்தை நிரப்பிக்கிட்டு இருந்தோம். பாசன நீர் என்ற இடத்தில் ‘கிணறு’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘உப்பு அதிகம், மின்கடத்துதிறன் 3100’ என்றும் எழுதினேன். உடனே பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை, “மாமா, அதை எதுக்குங்க எழுதறீங்க? தண்ணி கெட்டுப்போச்சுன்னு நாமளே சொன்னா நம்ம தேங்காயையும் முருங்கையையும் யாரு வாங்குவா? 2018-ல அரசாங்கம் போட்ட பட்டியல்லயே நம்ம ஆத்துப் பேரு வரலீங்களே!” என்றார்.

நாங்கள் நொய்யல் கரைக்காரர்கள். அவர் சொன்னது உண்மைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு: காவிரி, பவானி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி, தாமிரபரணி. நொய்யல் இல்லை. அதைவிட வேடிக்கை, கூவமும் அடையாறும்கூட இல்லை! பேருந்தில் ஜன்னலை மூடிக்கொண்டு கூவத்தைக் கடக்கிற யாரும் இதை நம்ப மாட்டார்கள். 2022-ல் வந்த அடுத்த பட்டியலில்தான் அவை இரண்டும் சேர்ந்தன.

பட்டியல் எப்படித் தயாராகிறது? ஆற்றில் குறிப்பிட்ட சில இடங்களில் கண்காணிப்பு நிலையம் வைத்து மாதிரி எடுக்கிறார்கள். அதில் பி.ஓ.டி. என்ற அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்த இடம் மாசடைந்தது. அப்படிப்பட்ட இடங்களைக் கோர்த்து ‘மாசடைந்த ஆற்றுப் பகுதி’ என்கிறார்கள். 30-க்கு மேல் போனால் முதல் முன்னுரிமை, 3-லிருந்து 6 வரை என்றால் ஐந்தாவது, அதாவது கடைசி.

பி.ஓ.டி. என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜீவாமிர்தத் தொட்டியில் வெல்லத்தையும் மாவையும் போட்டதும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பெருகப் பெருகத் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுக்கின்றன. எவ்வளவு இழுக்கின்றன என்பதுதான் அந்த அளவு. சாக்கடையும் மலமும் கலந்த தண்ணீரை இது சரியாகக் காட்டிக்கொடுக்கும். குளிப்பவருக்கும் மீனுக்கும் இது முக்கியமான அளவு. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. சாயப்பட்டறையிலிருந்து வருகிற உப்பு, தோல் பதனிடும் தொழிலிலிருந்து வருகிற உப்பு, குரோமியம் எதையும் பி.ஓ.டி. காட்டாது. அந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால், தென்னங்கன்றைக் கருக வைக்கிற தண்ணீர்கூட நல்ல தண்ணீர்தான்.

இத்தனைக்கும் பாசனத்துக்கென்று அதே வாரியம் தனி அளவு வைத்திருக்கிறது. தண்ணீரை அ முதல் உ வரை என்பதுபோல ஐந்து வகையாகப் பிரித்து, கடைசி பெஞ்சில் விவசாயத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வகைக்கே மின்கடத்துதிறன் 2250-க்கு மேல் போகக் கூடாது. சோடியத்துக்கும் போரானுக்கும் வரம்பு உண்டு. வரம்பு வைத்தவர்கள், பட்டியல் போடும்போது மட்டும் அதைக் கையில் எடுப்பதில்லை. எங்க கிணறு 3100. ஆனால் கிணற்றுக்கு ஏது பட்டியல்?

நொய்யலின் கதையை உங்களில் பலர் அறிவீர்கள. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அணைத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2006-லும் 2011 ஜனவரியிலும் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவுகள் போட்டது. 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. பாலாற்றிலும் இதே கதை. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2025-லும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் பட்டியல் பார்த்து நடந்ததல்ல. பாதிக்கப்பட்டவர்கள் பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் நின்றதால் நடந்தது.

அப்படியானால் பட்டியலே வீணா? இல்லை. 2018 பட்டியல் வந்த பிறகுதான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மாநிலந்தோறும் ஆறுகளைச் சீரமைக்கக் குழு போட்டுத் திட்டம் தரச் சொன்னது. பட்டியலில் பேர் இருந்தால் கேள்வி கேட்கப் பிடிமானம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், உப்பும் கன உலோகமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஆற்றை ஒட்டிய கிணறுகளும் ஏரிகளும் சேர வேண்டும். எந்த இடத்தில், எந்த மாதத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பது ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். வெள்ளம் போகிற ஐப்பசியில் எடுத்த மாதிரியும் காய்ந்து கிடக்கிற சித்திரையில் எடுத்த மாதிரியும் ஒன்றல்ல.

இனி நம்ம பக்கம். ரசாயனம் போடவில்லை என்பதால் நம் விளைச்சல் சுத்தம் என்று நினைக்கிறோம். பஞ்சகவ்யம் தெளித்தால் உப்பு போய்விடாது. தொழு உரமும் மூடாக்கும் மண்ணைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். உப்பை வேருக்குக் கீழே இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். அதைத்தானே கெடுத்துவிட்டார்கள்!

மாப்பிள்ளையின் பயம் நியாயமானது. உண்மையைச் சொல்கிறவன் விலையில் அடிபடுவான், கெடுத்தவன் வெளியே இருப்பான். ஆனால் நம்மை நம்பித்தான் நுகர்வோர் கூடுதல் காசு தருகிறார்கள். அவர்களிடம் மறைத்துவிட்டு, அரசாங்கம் மறைக்கிறது என்று பேச நமக்கு வாய் ஏது?

குழுவுக்கு ஒரு கையடக்க மின்கடத்துதிறன் மீட்டர் வாங்குங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் எல்லார் கிணற்றையும் அளந்து, தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதுங்கள். உலோகத்துக்கு ஆய்வுக்கூடம்தான் வழி, செலவைக் குழுவாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்த நோட்டைக் கிராம சபையிலும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் வையுங்கள். ஒருத்தர் கிணறு என்றால் அது அவர் பிரச்சினை. நாற்பது கிணறு என்றால் அதுவே ஒரு பட்டியல்.

எங்க படிவத்தில் 3100 அப்படியேதான் இருக்கிறது. மாப்பிள்ளை இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மீட்டரை இரண்டு நாளைக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.