அந்த 'ஹீ' யார்?

தம்பி, தங்கைகளே! ஒரே ஒரு குட்டி 'ஹீ'யால் ஒரு பையன் வகுப்புக்கு வெளியே நின்ற கதையைச் சொல்லட்டுமா? அவனை நிற்க வைத்தவன் நான்தான். அதனால் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு லீடர். எதை எழுதினாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் கண்டிப்பான சட்டம். ஒருநாள் மதிய இடைவேளையில் பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. உடைத்தவன் பெயர் மணி, அவனுடைய நண்பன் பெயர் பாபு என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிஜப் பெயர்கள் வேறு!) பயந்துபோன மணி, "நான்தான்டா உடைச்சேன்" என்று பாபுவிடம் சொன்னான். பக்கத்தில் இருந்த லீடர் சும்மா இருப்பாரா? உடனே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சார் மேஜையில் வைத்துவிட்டார். எழுதியது இதுதான்: 'மணி டோல்ட் பாபு தட் ஹீ ஹாட் புரோக்கன் த விண்டோ.'

ஸ்பெல்லிங் சரி. டென்ஸ் சரி. 'ஹாட் புரோக்கன்' போட்டதில் எனக்குப் பெருமை வேறு! சார் சீட்டைப் படித்தார். "பாபு, வெளியே போய் நில்!" என்றார்.

ஏன் தெரியுமா? 'நான் உடைத்தேன் என்று மணி சொன்னான்' என்ற நினைப்பில் நான் எழுதினேன். 'நீ உடைத்தாய் என்று பாபுவிடம் மணி சொன்னான்' என்று சார் படித்தார். இரண்டு அர்த்தமும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. சார் மீது தப்பே இல்லை. ஒரு பீரியட் முழுக்க பாபு வெளியே நின்றான். பிறகு மணியே எழுந்து உண்மையைச் சொன்னான்.

ஹீ, ஷீ, இட், தே இவற்றுக்கெல்லாம் ப்ரோனவுன் என்று பெயர். ஒரு பெயருக்குப் பதிலாக வந்து நிற்கும் சொற்கள். அது எந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறதோ, அந்தப் பெயருக்கு 'ஆன்டிசீடென்ட்' என்று ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள்! லத்தீன் மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு 'முன்னால் போவது' என்றுதான் பொருள்.

ப்ரோனவுனை நாம் பாதிதான் படிக்கிறோம் என்பது என் கருத்து. 'ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே' என்று பட்டியலை மனப்பாடம் செய்கிறோம். பிறகு கோடிட்ட இடத்தை நிரப்புகிறோம். 'ராஜா இஸ் எ பாய். டேஷ் இஸ் டால்.' தூக்கத்தில் கேட்டால்கூட 'ஹீ' என்று சொல்லிவிடுவோமே! அந்த வாக்கியத்தில் இருப்பது ஒரே ஒரு ராஜா. நம் வகுப்பிலோ நாற்பது ராஜாக்கள் இருக்கிறார்கள். இரண்டு பையன்கள் உள்ள வாக்கியத்தைப் பயிற்சியாகக் கொடுத்தால்தானே சிக்கல் தெரியும்?

இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. அதற்குக் காரணம் நம் தமிழின் வசதிதான்! 'தான் உடைத்ததாக மணி பாபுவிடம் சொன்னான்' என்று தமிழில் சொன்னால் குழப்பமே இல்லை. 'தான்' என்றால் மணிதான். 'மணி தன் சைக்கிளை எடுத்தான்' என்றாலும் அப்படியே. 'தன்' வந்தால் சைக்கிள் மணியுடையது. ஆங்கிலத்தில் அதற்கும் 'ஹிஸ்', அடுத்தவன் சைக்கிளுக்கும் 'ஹிஸ்'! 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்குமே 'வீ'தான். மனதுக்குள் 'தான்' என்று தமிழில் நினைத்துக்கொண்டு தாளில் 'ஹீ' என்று எழுதுகிறோம். நமக்குத் தெளிவாக இருக்கிறது. படிப்பவருக்கு அந்தத் 'தான்' போய்ச் சேரவில்லை.

அதற்காகத் தமிழில் எல்லாமே சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. 'டாக்டர் வந்தார், அவர் ஊசி போட்டார்' என்றால் அவர் ஆணா, பெண்ணா? தெரியாது. 'ஹீ', 'ஷீ' போட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு சுவையான சங்கதி. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வந்தால், முதலில் பெயரைச் சொல், பிறகு 'அவன், அவள்' என்று சொல் என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. செய்யுளில் மட்டும் மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. எவ்வளவு பழைய நூல், பார்த்தீர்களா? ஆங்கில மிஸ் சொல்லும் அதே 'முன்னால் போவது'தான்!

சில கையேடுகளில் 'ப்ரோனவுனுக்கு மிக அருகில் இருக்கும் பெயரையே அது குறிக்கும்' என்று குறுக்கு வழி சொல்கிறார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். இதைப் பாருங்கள்: 'த கேட் குட் நாட் கேட்ச் த ராட் பிகாஸ் இட் வாஸ் டூ ஃபாஸ்ட்.' பூனையால் எலியைப் பிடிக்க முடியவில்லை. வேகமாக ஓடியது யார்? எலி. இப்போது கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி 'டூ ஸ்லோ' என்று போடுங்கள். மெதுவாக ஓடியது யார்? பூனை! 'இட்' இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது காட்டும் ஆள் மட்டும் மாறிவிட்டது. பூனையும் எலியும் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்ததால்தான் விடை கிடைத்தது.

இந்த மாதிரி வாக்கியம் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு கஷ்டம் என்று டெரி வினோகிராட் என்ற அமெரிக்க அறிஞர் 1972-ல் எடுத்துக்காட்டினார். அவர் பெயரிலேயே 2016-ல் கம்ப்யூட்டர் நிரல்களுக்கு ஒரு போட்டி நடந்தது. முதலிடம் பெற்ற நிரல் வாங்கிய மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 58 சதவீதம்! அதற்குப் பிறகு வந்த நிரல்கள் வெகுவாகத் தேறிவிட்டன. ஆனால் என் ஜன்னல் வாக்கியத்தைக் கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் ஊகம்தான் செய்ய வேண்டும். விடை வாக்கியத்தில் இருந்தால்தானே கண்டுபிடிப்பதற்கு?

நான் இப்போதும் ஒரு வேலை செய்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு ஹீ, ஷீ, இட், தே மீதும் விரலை வைத்து, 'யார்?' என்று கேட்பேன். ஒரே பதில் வந்தால் சரி. இரண்டு பதில் வந்தால், கூச்சப்படாமல் பெயரையே மறுபடி எழுதிவிடுவேன். 'பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாதே, அழகாக இருக்காது' என்று சில டீச்சர்கள் சிவப்பு மையால் அடிப்பார்கள். ஒரே ஆளைப் பற்றிய கட்டுரை என்றால் அவர்கள் சொல்வது நியாயம். இரண்டு பேர் வரும் இடத்தில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அழகு கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, பாபு வெளியே நிற்க வேண்டாமே! பெயரை மறுபடி எழுதப் பிடிக்கவில்லையா? பேசியதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். மணி செட் டு பாபு, "ஐ புரோக் த விண்டோ." அவ்வளவுதான்!

கட்டுரையில் 'திஸ் இஸ் வெரி பேட்' என்று எழுதுகிறீர்களே, அந்தத் 'திஸ்' மீதும் விரலை வையுங்கள். எது பேட்? மழையா, ரோடா, ரோட்டில் தேங்கிய தண்ணீரா?

சரி, போன பரீட்சையில் எழுதிய ஆங்கில விடைத்தாளை எடுங்கள். விரல் தயாரா? பக்கத்து வீட்டுப் பையனையோ அக்காவையோ படிக்கச் சொல்லி, நீங்கள் 'யார்?' என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலும் நீங்கள் நினைத்ததும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.