சாவடியிலிருந்து சாவடிக்கு

'கோடவுன்' என்ற சொல்லை இங்கிலீஷ் என்று நினைத்துத்தானே இத்தனை நாளாகப் பயபக்தியுடன் உச்சரித்து வருகிறோம்? அது நம் வீட்டுப் பிள்ளைதான்! 'கிடங்கு', 'கிட்டங்கி' என்னும் தென்னாட்டுச் சொல் மலாய் நாட்டுக்குக் கப்பலேறி, அங்கே 'குடாங்' ஆகி, பிறகு வெள்ளைக்காரர் வாயில் புகுந்து 'கோடவுன்' என்று திரும்பி வந்ததாகச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். சீமைக்குப் போன பிள்ளை கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றால், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது அல்லவா?

சென்னை ஜார்ஜ் டவுனில் அந்தப் பிள்ளையின் பேரிலேயே ஒரு தெரு உண்டு: கோடவுன் தெரு. ஜவுளி மொத்த வியாபாரத்துக்குப் பேர் போனது. துறைமுகம் ஏற்படாத அந்தக் காலத்தில் கப்பல்கள் கடலிலே தள்ளி நிற்கும். மசூலா படகுகள் அலையோடு மல்லுக்கட்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். நனையாமல் வைக்க இடம் வேண்டாமா? கடற்கரையை ஒட்டிக் கிடங்குகள் முளைத்தன. கிடங்குகளைச் சுற்றிக் கடைகள். கடைகளைச் சுற்றிப் பசித்த வயிறுகள்!

இந்த வயிறுகளுக்கு ராத்திரியில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டபோது, துணைக்கு வந்தார் பெரிய முதலியார்சாவடிப் பெரியவர் ஒருவர். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலோரச் சாலையில் உள்ள ஊர் அது. உப்பளத்துக் கணக்கு எழுதி ஓய்ந்தவர்.

"தம்பி, என் பாட்டன் காலத்திலே நாங்க பட்டணத்துக்கு ரயிலில் வரலே; உப்பு மூட்டையோடு படகில் வந்தோம்" என்று ஆரம்பித்தார் அவர்.

விஷயம் உண்மைதான். 1806-ல் பேஸில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கிய கால்வாய் வளர்ந்து வளர்ந்து தெற்கே மரக்காணம் வரை நீண்டது. 1877-78 பஞ்சத்தின்போது, கூலிக்கு வழியில்லாத ஜனங்களைக் கொண்டு நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அன்றைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. உப்பும் விறகும் அதில்தான் வந்தன. சென்ட்ரல் நிலையத்தின் அருகே 'சால்ட் கோட்டர்ஸ்' என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, உப்புக் கொட்டாரம்தான்! கொட்டாரம் என்றால் களஞ்சியம்.

மண்ணடியில் மெட்ரோ ரயிலை விட்டு இறங்கினோம். மாலை ஆறு மணி. மொத்தக் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று இறங்குகின்றன. ஊர் அடங்குகிறது என்று நினைத்தால், அதுதான் தப்பு. கதவு இறங்கிய இடத்திலேயே அடுப்பு ஏறுகிறது!

சௌகார்பேட்டையில், தங்கசாலைத் தெருவில், மார்வாரிகளும் குஜராத்திகளும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து கொண்டு வந்த ருசி. காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபியும் பாதாம் பாலும். தள்ளுவண்டிகளில் இரண்டு தட்டைகளுக்கு நடுவே வெள்ளரியும் தக்காளியும் பச்சைச் சட்னியும் வைத்து 'சாண்ட்விச்' என்கிறார்கள். ராஜஸ்தானமும் தமிழ்நாடும் சம்பந்தம் செய்துகொண்டால் இப்படித்தான் இருக்கும். "உப்பு சரியா இருக்கு" என்றார் பெரியவர். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அங்கிருந்து பர்மா பஜார் பக்கம். "அத்தோ சாப்பிடலாமா?" என்றேன்.

"அந்தோவா? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவித்த நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் புளித் தண்ணீரும் மிளகாய்த் தூளும் பூண்டெண்ணெயும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தரும் பர்மியப் பண்டம் அது. பக்கத்தில் வாழைத்தண்டு சூப். ஆனால் 'அந்தோ' என்று சொல்லவும் அதில் விஷயம் உண்டு. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகண்ணிகள் தேசியமயமானபோது, அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர் கிட்டத்தட்ட வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் ஏற்பட்டதுதான் பர்மா பஜார். சொத்தைப் பறிக்கலாம், கைப்பக்குவத்தைப் பறிக்க முடியுமா?

திரும்பும் வழியில் கொத்தவால்சாவடி. காய்கறி அங்காடி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. சாவடி மட்டும் பெயரில் மிச்சம்.

"எங்க ஊர்ச் சாவடி மாதிரிதான்" என்றார் பெரியவர். "வழிப்போக்கன் தங்கினாத்தான் சாவடி. இல்லேன்னா அது வெறும் பேரு."

சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆரம்ப காலத்தில் அங்கே சரக்குப் படகு விட்டவர்களில் பலர் சூலியாத் தமிழர்கள். 1983-ல் படகுகளை அங்கிருந்து அகற்றினார்கள். ஆறு சுத்தமாயிற்று, நல்ல காரியம். 1993-ல் கிளார்க் கீ கிடங்குகள் வர்ணம் பூசிய விருந்து மண்டபங்களாகத் திறந்தன. பார்க்க அழகுதான். ஆனால் மூட்டை தூக்கியவன் அங்கே எந்த மேஜையில் உட்காருவான்?

ஜார்ஜ் டவுனில் இன்னும் மூட்டை தூக்குகிறவரும் முதலாளியும் ஒரே தள்ளுவண்டி முன்னால் தட்டை நீட்டுகிறார்கள். தெரு நெரிசல்தான், சாக்கடை நாற்றமும் உண்டு, சீர்திருத்த வேண்டியதுதான். சீர்திருத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். பழைய தூண்களுக்கு வர்ணம் பூசுங்கள், விளக்குப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுப்பு மூட்டுகிறவரையும், அதை நம்பிப் பசியோடு வருகிறவரையும் மட்டும் மூட்டை கட்டி அனுப்பிவிடாதீர்கள். உப்பில்லாத பண்டம் எந்தத் தங்கத் தட்டில் வைத்தாலும் குப்பையிலேதான்!